சாப்பிட்ட கையோடு பல் தீட்டாதீர்கள்: மட்டக்களப்பில் கற்றுக்கொண்டது

ஊருக்குப் போகிறேன் என்று சொன்னால் சுவிஸில் நம்மவர்கள் தவறாமல் சொல்லி அனுப்பும் ஒன்று உண்டு: "அப்படியே பல்லையும் காட்டிக்கொண்டு வா." இங்கே பல் வைத்தியம் அடிப்படைக் காப்புறுதிக்குள் வருவதில்லை. ஒரு பல்லை அடைப்பதென்றாலும் அந்த மாதச் செலவுக் கணக்கை எடுத்து வைத்துப் பார்த்துத்தான் நாள் கேட்கிறோம். மாமாங்கேஸ்வரர் கோயில் தீர்த்தத்துக்காக ஆடி அமாவாசையை ஒட்டி மட்டக்களப்புக்குப் போன நானும் இரண்டு வருடமாகக் கூசிக்கொண்டிருந்த பற்களைச் சுமந்துகொண்டுதான் போனேன். குளிர்ந்த தண்ணீர் பட்டால் இடது பக்கம் முழுவதும் சுரீர் என்று இழுக்கும். சுவிஸில் நான் வசிக்கும் பேர்ண் நகரத்தில் பனிக்காலக் காற்றுக்கு வாயைத் திறந்து பேசவே பயம்.

முதலில் போனது ஒரு தனியார் சிகிச்சை நிலையம். பெயர் வேண்டாம். காலையிலேயே தொலைபேசியில் நம்பர் எடுத்தேன். பதினேழாம் நம்பர், மாலை ஐந்து மணிக்கு வந்தால் போதும் என்றார்கள். கல்லடியிலிருந்து ஆட்டோ பிடித்து ஐந்துக்குப் பத்து நிமிடம் இருக்கும்போதே போய் உட்கார்ந்துவிட்டேன். வைத்தியர் வந்தது ஏழே கால். இடையில் மேசையில் இருந்த பிள்ளையிடம் நான்கு தரம் கேட்டேன். நான்கு தரமும் "இப்போது வந்துவிடுவார்" என்பதுதான் பதில். வைத்தியருக்கு வேறு கடமை இருந்திருக்கலாம், அதில் எனக்குக் கோபமில்லை. ஆனால் ஏழு மணியாகும் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், கைக்குழந்தையோடு வாழைச்சேனையிலிருந்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அந்தப் பெண் குழந்தைக்குப் பால் கொடுக்க ஓர் இடம் தேடிப் போயிருப்பாள் அல்லவா? பேர்ணில் ரயில் சில நிமிடம் பிந்தினாலே அறிவித்துவிடுகிறார்கள். காத்திருப்பவரின் நேரமும் நேரம்தான் என்ற எண்ணம் அந்த அறிவிப்பில் இருக்கிறது. அது நம் ஊரில் இன்னும் வந்து சேரவில்லை.

என் முறை வந்தபோது எட்டரை. இரண்டு நிமிடம் பார்த்தார். "பல் தேய்ந்திருக்கிறது. அடைக்கலாம். கூச்சத்துக்கு இந்தப் பற்பசையைப் பாவியுங்கள்" என்று எழுதித் தந்தார். ஏன் தேய்ந்தது என்று கேட்டேன். அதற்குள் பதினெட்டாம் நம்பரைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

அந்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. மச்சாள்தான் சொன்னாள், "காலையில் அரச வைத்தியசாலைக்குப் போங்கள். பற்சிகிச்சைப் பிரிவில் நன்றாகப் பார்க்கிறார்கள்" என்று. இரட்டைக் குடியுரிமை எடுத்து வைத்திருந்ததால் கூச்சமின்றி வரிசையில் நின்றேன். ஏழு மணிக்குத் துண்டு எடுத்தது, வாங்கில் வெயில் ஏற ஏறத் தள்ளித் தள்ளி உட்கார்ந்தது எல்லாம் உங்களுக்குத் தெரிந்த கதைதான். எனக்கு முன்னால் முப்பது பேராவது இருந்தார்கள். அத்தனை பேரைப் பார்க்க வேண்டிய வைத்தியர் என்னிடமும் அவசரப்படுவார், அது நியாயம் என்று மனதைத் தயார்ப்படுத்திக்கொண்டுதான் உள்ளே போனேன்.

இளைஞர். பேராதனையில் படித்து முடித்து வந்து சில வருடங்கள்தான் ஆகியிருக்க வேண்டும். வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தார். கருவியைக் கீழே வைத்தார். பிறகு அவர் கேட்ட கேள்வியை இத்தனை வருடத்தில் யாரும் என்னிடம் கேட்டதில்லை.

"அம்மா, பல் தீட்டிவிட்டுச் சாப்பிடுகிறீர்களா, சாப்பிட்டுவிட்டுத் தீட்டுகிறீர்களா?"

"சாப்பிட்டுவிட்டுத்தான் டொக்டர். ஒரு நாளைக்கு மூன்று தரம்."

"சாப்பிட்டு எவ்வளவு நேரத்தில்?"

"உடனே. சாப்பிட்ட கையோடு."

"தீட்டுவதற்கு முன் என்ன சாப்பிடுவீர்கள்?"

காலையில் தேசிக்காய் பிழிந்த வெந்நீர், சில நாட்களில் தோடம்பழச் சாறு, அதோடு பாண் என்றேன். ஊருக்கு வந்த பிறகு? மாங்காய்க் காலம், கேட்க வேண்டுமா. உப்பும் கொச்சிக்காய்த் தூளும் தொட்டு இரண்டு வேளையும் மாங்காய். மத்தியானம் புளி கூட்டிய மீன்குழம்பு. சாப்பிட்டதும் பல் கூசும், வாய் சுத்தமாக வேண்டும் என்று உடனே பிரஷை எடுத்து அழுத்தித் தேய்ப்பேன்.

அவர் ஒரு சின்னக் கைக்கண்ணாடியை என் கையில் தந்தார். கன்னத்தை ஒதுக்கி, ஈறும் பல்லும் சேரும் இடத்தைக் காட்டினார். நகம் மாட்டும் அளவுக்கு ஒரு பள்ளம், மஞ்சளாக. பக்கத்துப் பல்லிலும் அதே உயரத்தில் இன்னொன்று. "இது சொத்தை இல்லை அம்மா. புளிப்பு இளக்கியதை நீங்களே தேய்த்து எடுத்திருக்கிறீர்கள்" என்றார்.

"உங்கள் வீட்டில் சிமெந்துத் தரையா? அதில் தேசிக்காய்ச் சாறு சிந்தினால் என்ன ஆகும்?"

"வெள்ளையாகத் தழும்பு விழும்."

"ஈரத்தோடு அதைத் தும்புத்தடியால் அழுத்தித் தேய்த்தால்?"

எனக்கு விளங்கிவிட்டது.

அவர் சொன்னதை என் வார்த்தையில் எழுதுகிறேன், ஏனென்றால் இதைப் படிக்கும் உங்களில் பலரும் என்னைப்போல் செய்துகொண்டிருப்பீர்கள். பல்லின் மேலோடான எனாமல் நம் உடம்பிலேயே மிகக் கடினமான பொருள். ஆனால் வாயில் அமிலம் கூடி, பி.எச். அளவு (அமிலம் கூடக் கூட இது குறையும்) சுமார் 5.5க்குக் கீழே இறங்கினால் அதிலுள்ள கல்சியமும் பொஸ்பேட்டும் கரையத் தொடங்கும். தேசிக்காய், மாங்காய், புளி, சோடா எல்லாம் அதற்கு வெகு கீழே நிற்பவை. அந்த நேரத்தில் பல்லின் மேற்பரப்பு இளகியிருக்கும். உமிழ்நீர்தான் அமிலத்தைத் தணித்து, கரைந்த உப்புகளில் ஒரு பகுதியைத் திரும்பக் கொண்டுவந்து சேர்க்கிறது. அதற்கு அரை மணி நேரமாவது வேண்டும், ஒரு மணி நேரம் விட்டால் இன்னும் நல்லது. அதற்கு முன் பிரஷைப் போட்டால் இளகியது தேய்ந்து போகும். போன எனாமல் திரும்ப வளராது. சாப்பிட்டவுடன் வாய் ஒரு மாதிரி இருந்தால் வெறும் தண்ணீரில் கொப்பளித்தால் போதும்.

காலையில் எழுந்ததும், சாப்பாட்டுக்கு முன்னாலேயே தீட்டிவிடுவது நல்லது என்றார். இரவு முழுவதும் சேர்ந்த படிவு போய்விடும், பற்பசையிலுள்ள ஃபுளோரைடும் பல்லில் பிடித்திருக்கும், பிறகு சாப்பிடும் புளிப்புக்கு அது ஒரு காப்பு. இரவில் தீட்டுவதை எதற்காகவும் விடக் கூடாது, ஏனென்றால் தூக்கத்தில் உமிழ்நீர் மிகவும் குறைந்துவிடும். தீட்டிய பிறகு பசையைத் துப்ப வேண்டும், செம்பு செம்பாகத் தண்ணீர் விட்டு அலசக் கூடாது. மென்மையான பிரஷ், இரண்டு நிமிடம், அழுத்தாமல்.

பத்து நிமிடம் பேசியிருப்பார். வெளியே வாங்கு நிறைய ஆட்கள். என் பற்களில் இரண்டுக்கு அடைப்பு வைக்க மறுநாள் வரச் சொன்னார், வைத்தும் விட்டார். காசு ஒரு சதமும் இல்லை. பேர்ணில் நான் போகும் இடத்தில் கதிரை சாயும், கூரையில் படம் ஓடும், கட்டணச் சீட்டில் ஒவ்வொரு நிமிடமும் தனித்தனியாக விலை போட்டு வரும். அங்கே வேலை சுத்தம், அதை மறுக்க மாட்டேன். ஆனால் எப்போது தீட்டுகிறாய் என்று ஒருவரும் கேட்கவில்லை. என் மகளின் பள்ளிக்கூடத்துக்குப் பல் தீட்டக் கற்றுக்கொடுக்க ஒரு பெண் வருவார். சாப்பிட்டபின் தீட்டு என்று பிள்ளை வந்து பாடமாகச் சொல்வாள். அதைக் கேட்டுத்தான் நானும் பழக்கத்தை மாற்றினேன். அந்தப் பாடத்தில் பிழை இல்லை. புளிப்புக்குப் பிறகு பொறுத்துத் தீட்டு என்ற மற்றப் பாதி என்னிடம் வந்து சேரவில்லை, அவ்வளவுதான்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். அவருக்கு வந்த கோபத்தைப் பார்க்க வேண்டும். "பல் தீட்டாமல் தேநீர் கிடையாது என்று உன்னை எத்தனை நாள் கிணற்றடிக்கு விரட்டியிருப்பேன்! அங்கே போய் எல்லாவற்றையும் தலைகீழாக மாற்றியிருக்கிறாய்" என்றார். உண்மைதான். விடியற்காலையில் கிணற்றடியில் வரிசையாகக் குந்தியிருந்து, அப்பா ஒடித்துத் தரும் வேப்பங்குச்சியை மென்று துப்பிய பிறகுதான் அடுப்படிக்குள் விடுவார்கள். ஆலும் வேலும் பல்லுக்குறுதி என்று அப்பா சொல்லாத நாளில்லை. அதை நினைத்தால் இப்போதும் வாயில் அந்தக் கசப்பு ஊறுகிறது.

ஆனால் அப்பாவின் பற்களும் எனக்கு நினைவிருக்கிறது. உமிக்கரியும் உப்பும் போட்டு விரலால் அரக்கி அரக்கி, அறுபது வயதில் முன்பற்கள் பாதியாகத் தேய்ந்திருந்தன. மற்றதை வெற்றிலை பார்த்துக்கொண்டது. கரித்தூள் பல்லை வெள்ளையாக்கும் என்று இப்போது சுவிஸில் கறுப்புப் பற்பசையை அதிக விலைக்கு விற்கிறார்கள். அப்பாவின் வாயைப் பார்த்தவள் அதை வாங்க மாட்டாள். பழைய ஒழுங்கில் நேரம் சரி, பொருள் பிழை.

எனக்குள்ள ஆதங்கம் ஒன்றுதான். அந்தப் பிரிவின் சுவரில் வெற்றிலையையும் வாய்ப் புற்றுநோயையும் பற்றிப் பெரிய படங்கள் தொங்குகின்றன, அவை கட்டாயம் வேண்டும். ஆனால் மாங்காயும் புளியும் தேசிக்காயும் இல்லாமல் ஒரு நாள் கூடப் போகாத இந்த ஊரில், புளிப்புத் தின்ற பிறகு அரை மணி நேரம் பொறுங்கள் என்று தமிழில் ஒரு வரி அங்கே இல்லை. அந்த இளம் வைத்தியர் ஒவ்வொருவரிடமும் வாயால் சொல்லிக்கொண்டிருக்கிறார். அவருக்கு மாற்றம் வந்து வேறு ஊருக்குப் போனால் அந்த வரியும் அவரோடு போய்விடும்.

மென்மையான பிரஷ் வாங்க அலைந்ததையும் சொல்ல வேண்டும். நகரத்தில் மூன்று கடை ஏறினேன். "நடுத்தரம் இருக்கிறது, அதைத்தான் எல்லோரும் எடுக்கிறார்கள்" என்றார்கள். கடைசியில் காத்தான்குடியில் ஒரு மருந்துக்கடைக்காரர் உள்ளே போய் ஒரு பெட்டியைத் தூசி தட்டி எடுத்து வந்தார். ஆறு வாங்கினேன். மூன்றை அம்மாவின் அலுமாரியில் வைத்துவிட்டு வந்திருக்கிறேன்.