கும்பகோணத்தில் ஒரு முன்னாள் எம்.எல்.ஏ. வக்கீல் ஆபீஸ்

வரப்புத் தகராறுக்காகப் போனேன். வாசல் முழுக்கக் கட்சிக்காரர்கள். வழக்குக் கட்சிக்காரரா, கொடி பிடிக்கிற கட்சிக்காரரா என்று குமாஸ்தாவுக்கே குழப்பம். 10 மணிக்கு வரச் சொல்லி 1.30-க்குத்தான் கூப்பிட்டார்கள், பத்திரிகை வைக்க வந்தவர்களெல்லாம் எனக்கு முன்னால் போய்விட்டார்கள். எரிச்சல்தான். ஆனால் ஆள் கெட்டி. “எம்.எல்.ஏ.வா இருந்தப்பவும் வாதாடினீங்களா ஐயா?” என்றேன். “தடையில்லைன்னு 2018-ல சுப்ரீம் கோர்ட்டே சொல்லிடுச்சே” என்றபடியே கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, அப்பா காலத்துக் கிரயப் பத்திரத்தில் நான்கு எல்லையையும் விரல் வைத்துப் படித்து, பட்டாவில் உட்பிரிவு எண் மாறியிருப்பதை அங்கேயே பிடித்துவிட்டார். கேஸ் வேண்டாம், முதலில் தாலுகா ஆபீசில் அளக்க மனுக் கொடுங்கள் என்றார். ஃபீஸும் வாங்கவில்லை. முகூர்த்த நாளில் மட்டும் போகாதீர்கள், டெல்டா முழுக்கக் கல்யாண வீடுகளில்தான் இருப்பார்.