செம்பேனுக்குச் செக்கு வேப்பெண்ணெய்: வாங்கலாமா?

வீட்டின் முன்பகுதியான தார்சாவிலும் கூடமான பட்டாசலிலும் வைத்திருக்கும் செடிகளில், இலைச்சாற்றை உறிஞ்சும் பொடி உயிரான செம்பேன் விழுந்தால், செக்கில் ஆட்டிய வேப்பெண்ணெயே போதும். உரக்கடையில் 'அசாடிராக்டின் 10,000 பிபிஎம்' என்று, அதாவது வேம்பின் பூச்சிக்கொல்லிச் சத்து எவ்வளவு என்று எழுதிய புட்டியைக் காட்டினால் அந்த எண்ணுக்காகக் கூடுதல் காசு கொடுக்காதீர்கள். செம்பேனைப் பெரும்பாலும் கொல்வது எண்ணெய்ப் படலம்தான். உடம்பை மூடி மூச்சை அடைத்துவிடும். வாங்கும்போது விளக்கேற்ற விற்கும் கூட்டெண்ணெயை மட்டும் தவிர்த்துவிடுங்கள். நல்ல வேப்பெண்ணெய் பழுப்பாக, பூண்டு நெடியோடு இருக்கும்.

அதற்கு முன், வந்திருப்பது செம்பேன்தானா என்று பாருங்கள். இலையின் மேல்புறம் ஊசி குத்தியதுபோல வெளிர்ப்புள்ளிகள் தெரியும். இலைக்கு அடியில் வெள்ளைத்தாளைப் பிடித்துத் தட்டினால், அரை மில்லிமீட்டர்கூட இல்லாத பொடிப்புள்ளிகள் விழும். அவை ஊர்ந்தால் பேன், கிடந்தால் தூசி. காம்பிடுக்கில் நூலாம்படை வந்துவிட்டால் முற்றிப்போயிற்று என்று பொருள். குரோட்டன்ஸிலும் அரிக்கா பனையிலும் அடிக்கடி பார்க்கலாம். எட்டுக்கால் உயிர் என்பதால் இது பூச்சியினமே அல்ல. அசுவினிக்கு வாங்கி வைத்த இமிடாகுளோபிரிட் என்ற பூச்சிமருந்தை அடித்தால் சாகாது, சில நேரம் பெருகவும் செய்யும்.

குற்றாலத்தில் சாரல் விழுகிற ஆனி, ஆடியில் பாளையங்கோட்டைப் பக்கம் வருவது வறண்ட காற்று மட்டுமே. பேனுக்கு அதுதான் கொண்டாட்டம். மின்விசிறிக்கு நேர்கீழே இருக்கும் தொட்டிகளை அப்போது தினமும் புரட்டிப் பாருங்கள்.

கலவை: 1 லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி எண்ணெய், 2 மில்லி காதி சோப்புக் கரைசல். எண்ணெயையும் சோப்பையும் முதலில் குழைத்துவிட்டு, தண்ணீரைச் சிறிது சிறிதாக ஊற்ற வேண்டும். பால்போல வெளுத்தால் சரி. பலருக்கும் கெட்டுப்போவது தண்ணீரில்தான். ஆழ்துளைக் கிணற்று உப்புத்தண்ணீரில் சோப்பு திரிந்து, எண்ணெய் தனியே மிதக்கும். தெளிப்பானில் வெறும் எண்ணெய் வந்து இலை கருகும். அதற்கு வேப்பெண்ணெயைக் குறை சொல்லிப் பயனில்லை. குழாயில் வரும் தாமிரபரணித் தண்ணீரோ மழைத்தண்ணீரோ எடுத்துக்கொள்ளுங்கள். கலந்ததை அன்றைக்கே தீர்த்துவிடுங்கள், மறுநாள் பிரிந்துவிடும்.

செடியைத் தனியே கொண்டுபோய், நூல் கட்டிய இலைகளைக் கிள்ளிவிட்டு, அடிப்புறம் முழுக்கத் தண்ணீர் பீச்சிக் கழுவுங்கள். பாதிப் பேன் இதிலேயே போய்விடும். ஈரம் காய்ந்தபின் வெயில் தாழ்ந்த நேரத்தில் இலையடியில் சொட்டச் சொட்டத் தெளிக்க வேண்டும். மேலே மட்டும் தெளித்தால் வீண். முதல் தடவை ஒரே ஓர் இலையில் தெளித்து ஒரு நாள் பொறுத்துப் பாருங்கள். பெரணிக்கும் மயிரிலைச் செடிக்கும் இது ஒத்துக்கொள்ளாது. முட்டைகளில் பல தப்பிவிடும், நம்மூர்ச் சூட்டில் சில நாளிலேயே பொரித்தும்விடும். அதனால் 5 நாளுக்கு ஒருமுறை, மொத்தம் 4 தடவை. இரண்டோடு நிறுத்தினால் மூன்றாவது வாரம் பழைய கதைதான்.

குறை என்றால் நெடி. பூட்டிய அறையில் இரண்டு நாள் நிற்கும். மீன்தொட்டி பக்கத்தில் தெளிக்கக் கூடாது. 4 தடவைக்குப் பிறகும் ஊர்ந்தால், நனையும் கந்தகத்தூள் லிட்டருக்கு 2 கிராம், அதுவும் செடியை வெளியே கொண்டுபோய், வெயில் இல்லாத நேரத்தில். எண்ணெய் தெளித்து இரண்டு வாரம் ஆகாமல் கந்தகம் தொட்டால் இலை வெந்துவிடும்.