ஈசாப்புக்காகக் காத்திருப்பதா, ஆஃபர் வாங்கிக்கொண்டு கிளம்புவதா?

நச்சுச் சூழல் நிறைந்த ஸ்டார்ட்அப்பில் மாட்டிக்கொண்டவருக்குப் பெரும்பாலும் மூன்று வழிகள்: அடுத்த வேலை இல்லாமலே ராஜினாமா செய்வது, உள்ளே இருந்தபடி வேலை தேடி ஆஃபருடன் வெளியேறுவது, ஊழியர்களுக்கான பங்குத் திட்டமான ஈசாப் (ESOP) முழுசாகக் கைக்கு வரும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு இருப்பது. நள்ளிரவு ஸ்லாக் மெசேஜ், எல்லார் முன்னாலும் திட்டு, "நாமெல்லாம் ஒரே குடும்பம்" பேச்சு இவற்றையெல்லாம் விவரிக்கத் தேவையில்லை. நான் தேர்ந்தெடுத்தது இரண்டாவது வழி. இந்த அலசலும் அந்தப் பக்கம் சாய்ந்ததுதான்.

உடனே விடுவதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். உடல்நிலை கெடுகிறது, பாலியல் தொல்லை, பொய்க்கணக்கில் கையெழுத்துக் கேட்கிறார்கள், இரண்டு மாதமாகச் சம்பளம் வரவில்லை: இவற்றில் ஒன்று இருந்தாலும் யோசிக்க வேண்டாம். மற்றபடி ஆறு மாதச் செலவுக்குப் பணம் கையில் இருந்தால் மட்டும். நிறுவனத்தின் மருத்துவக் காப்பீடு பெரும்பாலும் கடைசி வேலைநாளோடு நின்றுவிடும். அதையும் அந்தச் செலவில் சேருங்கள்.

பலரைக் கட்டிப்போடுவது மூன்றாவது வழி. "இன்னும் கொஞ்ச காலம் பொறுத்தால் ஈசாப் முழுசாக வந்துவிடும்" என்பார்கள். கணக்குப் போட்டுப் பார்க்கலாம். வழக்கமான ஏற்பாடு 4 ஆண்டு வெஸ்டிங் (உரிமை கொஞ்சம் கொஞ்சமாகச் சேரும் காலம்), முதல் ஆண்டு கிளிஃப் (அதற்குள் விலகினால் ஒன்றும் கிடையாது). 4,800 ஆப்ஷன் (பங்கு வாங்கும் உரிமை) என்றால் 12 மாதம் முடியும்போது 1,200 மொத்தமாகச் சேரும், பிறகு மாதம் 100. பத்தாவது மாதத்தில் இருப்பவர் இரண்டு மாதம் பொறுப்பதில் நியாயம் உண்டு. இருபது மாதம் முடித்தவருக்கு 2,000 ஏற்கெனவே சேர்ந்தாயிற்று; இன்னொரு மாதம் வசவு கேட்பதற்குக் கூலி வெறும் 100. எடைபோட வேண்டியது அந்த நூறைத்தான், 4,800-ஐ அல்ல.

அந்த நூறும் பங்கு அல்ல, குறித்த விலைக்குப் பங்கு வாங்கும் உரிமை மட்டுமே. விலகிய பின் அதைப் பயன்படுத்தப் பல நிறுவனங்கள் தரும் கெடு 90 நாள். அதற்குள் கைக்காசு போட்டு வாங்க வேண்டும். பல நாடுகளில், விற்க வழியில்லாத அந்தப் பங்குக்கு வாங்கும்போதே வரியும் விழும். படப் பகிர்வுத் தளமான பின்ட்ரஸ்ட் 2015-இல், இரண்டு ஆண்டு வேலை பார்த்தவர்களுக்கு இந்தக் கெடுவை 7 ஆண்டாக்கியது. ஆட்களைக் கசக்கிப் பிழியும் இடத்தில் அந்தத் தாராளத்தை எதிர்பார்க்க முடியாது.

அதற்கு மேல் முதலீட்டாளரின் முன்னுரிமை, அதாவது நிறுவனம் விலைபோகும்போது போட்ட பணத்தை முதலில் எடுத்துக்கொள்ளும் உரிமை. ஒரு மடங்கு முன்னுரிமையோடு 30 கோடி போட்டவரிடம் பாதிப் பங்கு இருக்கிறது என்று வையுங்கள். நிறுவனம் 40 கோடிக்கு விலைபோனால் அவர் பாதியை வாங்கமாட்டார், முதலில் தன் 30 கோடியை எடுத்துக்கொள்வார். மிச்சம் 10 கோடிதான் நிறுவனர்களுக்கும் ஊழியர்களுக்கும். 25 கோடிக்கு விற்றால் ஒன்றுமே இல்லை. 2015-இல் மொபைல் பாதுகாப்பு மென்பொருள் நிறுவனமான குட் டெக்னாலஜியை பிளாக்பெரி 42.5 கோடி டாலருக்கு வாங்கியபோது, ஒரு காலத்தில் 4 டாலருக்கு மேல் மதிப்பிடப்பட்ட, ஊழியர்கள் வைத்திருந்த சாதாரணப் பங்கு 44 சென்ட்டுக்குப் போனது. பழைய மதிப்புக்கு வரி கட்டியிருந்த ஊழியர்களும் அதில் மாட்டினார்கள்.

எனவே முதலில், ஆப்ஷன் கொடுத்ததற்கான கிராண்ட் கடிதத்தை எடுங்கள். போர்டு ஒப்புதல் தேதி இருக்கிறதா (ஆஃபர் லெட்டரில் எண்ணை எழுதிவிட்டு ஒப்புதலே வாங்காத இடங்கள் உண்டு), ஸ்ட்ரைக் விலை (பங்கை வாங்கக் குறித்த விலை) என்ன, விலகிய பின் கெடு எத்தனை நாள், 'பேட் லீவர்' விதி (விலகியவரைத் தவறாக விலகியவர் என்று நிறுவனம் முத்திரை குத்த இடம் தருவது) உண்டா என்று பாருங்கள். கடைசியாகச் சொன்னது இருந்தால், சேர்ந்துவிட்ட ஆப்ஷனையும் ரத்து செய்ய இடமிருக்கிறது.

நான்காவதாக, உள்ளேயே புகார் கொடுத்துச் சரிசெய்யலாமே என்பார்கள். எச்.ஆர். நிறுவனருக்கே பதில் சொல்லும் இடத்தில் அது எடுபடுவது அரிது. சின்ன நிறுவனங்களை வைத்தே இதைச் சொல்கிறேன்.

இரண்டாவது வழியும் சுகமானதல்ல. நாள் முழுக்க நொந்துபோனவர் மாலை இன்டர்வியூவில் சொதப்புவார். அதனால் காலை நேரம் கேளுங்கள், முடியாவிட்டால் அரைநாள் லீவு போடுங்கள். தேடல் முடிவில்லாமல் இழுப்பதுதான் பெரிய ஆபத்து, ஆகவே கடைசித் தேதி ஒன்றைக் குறித்துவிடுங்கள். அலுவலக லேப்டாப்பிலும் மெயிலிலும் தேடக் கூடாது. லிங்க்ட்இன்னில் வேலை தேடும் அறிவிப்பை 'ரிக்ரூட்டர்களுக்கு மட்டும்' என்று வைத்தாலும் சொந்த நிறுவனத்தின் கண்ணில் படாது என்பதற்கு உத்தரவாதம் இல்லை. ரெஃபரென்ஸுக்கு மேனேஜரை நம்பாமல், ஏற்கெனவே விலகிப்போன சீனியர் ஒருவரைப் பிடியுங்கள். ஏன் விலகுகிறீர்கள் என்று கேட்டால் இரண்டு வாக்கியம் போதும், அதில் வசை வேண்டாம்.

சம்பளச் சீட்டு, கிராண்ட் கடிதம், பணித்திறன் மதிப்பீட்டு மெயில், லீவு இருப்பு ஆகியவற்றின் நகல் ராஜினாமாவுக்கு முன்பே கையில் இருக்கட்டும். மெயில் கணக்கை அன்றே மூடிவிடும் இடங்கள் உண்டு. நிறுவனத்தின் மென்பொருள் நிரலையும் வாடிக்கையாளர் தகவலையும் தொடவே கூடாது, வழக்குப் போட அதுவே போதும். புது ஆஃபரில் இரு தரப்புக் கையெழுத்தும் விழுந்த பிறகே ராஜினாமா. ஜாய்னிங் போனஸைத் திருப்பிக் கேட்கும் விதி இருந்தால் அந்தத் தொகையைப் புது இடத்தில் முன்கூட்டியே பேசிவிடலாம். ராஜினாமா மெயிலில் ராஜினாமா செய்கிறேன் என்ற ஒரு வரி, கடைசி வேலைநாள், பாக்கித் தொகைகளின் பட்டியல். மனக்குறை எதுவும் அதில் வேண்டாம்.