கடல் பக்க மேசைக்கு 3,000 வாங்கிக்கொண்டு கழுவுமிடத்துக் கதவோரம் உட்கார வைத்தார்கள் – கவனம்!

போன சனிக்கிழமை ராத்திரி நடந்தது. இன்று ஐந்தாவது நாள், பணம் இன்னும் வரவில்லை. ஈசிஆரில் மொட்டை மாடியில் கடலைப் பார்த்து உட்காரும் ரக உணவகம் ஒன்று. மேசை பிடித்தது ஒரு முன்பதிவுச் செயலி வழியாக. இரண்டின் பெயரையும் இங்கே போடவில்லை, புகார் போயிருக்கிறது. போனது 3,000 ரூபாய். ஆறு பேர், தலைக்கு 500. இந்த மாதிரி இடங்களில் புக் பண்ணப் போகிறவர்கள் என்னென்ன பார்க்கணும் என்று கடைசியில் விவரமாக எழுதுகிறேன். முதலில் எப்படி மாட்ட வைக்கிறார்கள் என்று படியுங்கள்.

செயலியில் மாடியின் வரைபடமே இருந்தது. கைப்பிடிச் சுவர் ஓரமாக ஒரு வரிசை, நடுவில் ஒரு வரிசை, உள்ளே ஏசி ஹால். கடல் பக்க வரிசைக்கு மட்டும் தலைக்கு 500 கவர் சார்ஜ், 'சாப்பாட்டு பில்லில் முழுதாகக் கழித்துக்கொள்ளப்படும்' என்று கீழே ஒரு வரி. 7-ஆம் எண் மேசையைத் தொட்டதும் பச்சை ஆரஞ்சாக மாறியது. 3,000 யுபிஐயில் போனது. 'உங்கள் மேசை உறுதி' என்று எஸ்எம்எஸ் வந்தது.

அதோடு விடவில்லை. உணவகத்துக்கே போன் போட்டும் கேட்டாயிற்று. எடுத்தவர் சொன்னது அப்படியே: "ஆமா சார், ஆறு பேரு, ஏழே முக்கால், ரெயிலிங் ஓரம். உங்க பேர்ல பிளாக் பண்ணிட்டேன். தைரியமா வாங்க." இந்தத் 'தைரியமா வாங்க'வை நம்பித்தான் எல்லாம். மேசை எண் இருக்கிறது, பணம் கட்டிய ரசீது இருக்கிறது, கடைக்காரரே வாயால் சொல்கிறார். இதற்கு மேல் ஒரு மனிதன் எதைச் சரிபார்ப்பான்?

7.40-க்கு வாசலில் நின்றபோது, நோட்டோடு நின்ற பையன் பெயரைத் தேடினான். இருந்தது. பெயருக்கு நேரே '6' என்று மட்டும் எழுதியிருந்தது. மேசை எண் இல்லை, கடல் பக்கம் என்றும் இல்லை. "உள்ள உட்காருங்க சார், பத்து நிமிஷத்துல மேல ஷிஃப்ட் பண்ணித் தர்றோம்" என்றான்.

உள்ளே கொடுத்த மேசை ஏசி ஹாலின் கடைசி மூலை. பாத்திரம் கழுவுமிடத்துக்குப் போகும் ஆட்டக் கதவுக்கு ஒரு கை தூரம். கதவு திறக்கும் ஒவ்வொரு தடவையும் சூடான நீராவியும் பினாயில் வாடையும் மேசைமேல் வந்து விழும். எச்சில் தட்டு அடுக்கிய பிளாஸ்டிக் டப்பைத் தூக்கிக்கொண்டு ஆள் போகும்போது கடைசி நாற்காலியில் இருப்பவர் முதுகை வளைத்து வழி விடவேண்டும். மேசையின் ஒரு கால் குட்டை, அடியில் மடித்து வைத்த அட்டை ஊறிப்போயிருந்தது. கையை ஊன்றினால் தண்ணீர் டம்ளர் நகர்கிறது.

பத்து நிமிஷம் அரை மணியாயிற்று. மேலே போய்ப் பார்த்தால் கடல் ஓரத்தில் மூன்று மேசை காலி, மூன்றிலும் 'ரிசர்வ்டு' பலகை. "அது வேற புக்கிங் சார்." 8.50 மணிக்கு அதே மூன்றில் இரண்டு ஜோடிகளைத் தனித்தனியாக உட்கார வைத்தார்கள். அப்போதுதான் வாசலில் வந்து இடம் கேட்டவர்கள், முன்பதிவே கிடையாது.

ஏன் இப்படிச் செய்கிறார்கள் என்பதைச் சொல்கிறேன், இது தெரிந்தால்தான் நீங்கள் ஏமாறாமல் இருக்கமுடியும்.

கைப்பிடிச் சுவர் ஓரத்தில் இடம் குறுகல், அங்கே போடுவதெல்லாம் இரண்டு பேர் மேசைகள். ஆறு பேருக்கு மூன்றைச் சேர்த்துப் போடணும். ஆறு பேர் கூட்டம் என்றால் சாதாரணமாக இரண்டு மணி நேரம் எழுந்திருக்காது. அதே மூன்று மேசைக்கு ஜோடி ஜோடியாக விட்டால் ஒரு மணி நேரத்துக்கு ஒரு சுற்று, இரண்டு மணியில் இரண்டு சுற்று, 12 தலை. சனிக்கிழமை ராத்திரி எந்த ஃப்ளோர் மேனேஜரும் 12-ஐ விட்டுவிட்டு 6-க்குக் கொடுக்க மாட்டார். அது அவர் கணக்கு, அதில் தப்பில்லை. ஆனால் அந்தக் கணக்கு பணம் வாங்கும்போது எங்கே போயிற்று? ஆறு பேருக்குக் கடல் பக்கம் கிடையாது என்று செயலியிலேயே அடைத்திருக்கலாமே!

இன்னொன்று, பல செயலிகளில் அந்த வரைபடம் வெறும் படம்தான். கடை செயலிக்குக் கொடுப்பது நேரவாரியாக இத்தனை தலை என்ற ஒதுக்கீடு மட்டும். எந்த மேசை என்பது வாசலில் இருக்கும் நோட்டில்தான் முடிவாகிறது. போனில் வருவது, தெரிந்தவர் சொல்லி வருவது, நேரில் வருவது எல்லாம் அதே நோட்டில்தான் ஏறும். நீங்கள் தொட்ட 7-ஆம் எண் அந்த நோட்டுக்குப் போய்ச் சேர்வதே இல்லை.

நியாயத்தையும் சொல்லவேண்டும். உணவகத்தில் எந்த மேசையில் உட்கார்வது என்பது வாடிக்கையாளரின் சட்ட உரிமை அல்ல. ஒவ்வொரு சர்வருக்கும் நாலைந்து மேசை பிரித்துவிட்டு, வருகிறவர்களை மாற்றி மாற்றி உட்கார வைப்பார்கள். ஒரே பக்கம் நிரம்பினால் ஒரே நேரத்தில் பத்து ஆர்டர் அடுப்படிக்குப் போய் எல்லாருக்கும் தாமதமாகும். இரண்டு பேராகப் போய் நாலு பேர் மேசை கேட்டால் கூட்ட நேரத்தில் தர மாட்டார்கள், மெஸ்ஸில் எதிரே தெரியாதவர் வந்து உட்காருவார். இதெல்லாம் சரி. சாதி, மதம், பால், பிறந்த இடம் பார்த்து ஒதுக்கினால் மட்டும் அது அரசியலமைப்பின் 15(2) பிரிவுக்கே விரோதம், உணவகங்களைப் பெயர் சொல்லியே அதில் எழுதியிருக்கிறது. மற்றபடி இடம் காட்டுவது கடைக்காரர் விருப்பம். ஆனால் குறிப்பிட்ட மேசைக்கென்று தனியாக 3,000 ரூபாய் வாங்கிய நிமிஷமே அந்த மேசை விற்ற பொருள். விற்றதைக் கொடுக்கவில்லையென்றால் பணத்தைத் திருப்பு. இதில் என்ன சிக்கல்?

அசல் அடி பில்லில்தான் விழுந்தது. சாப்பாடு 4,200. 'ஸ்டாஃப் வெல்ஃபேர்' என்று 10 சதவீதம், 420. அதையும் சேர்த்து 4,620-க்கு 5 சதவீத ஜிஎஸ்டி, 231. மொத்தம் 4,851. கட்டிய 3,000 எங்குமே இல்லை. கேட்டதற்கு மேனேஜர் சொன்ன பதில்: "கவர் சார்ஜ் டெரஸுக்கு மட்டும்தான் சார் அட்ஜஸ்ட் ஆகும். நீங்க ஏசி ஹால்ல சாப்பிட்டிருக்கீங்க." டெரஸைக் கொடுக்காதது அவர்கள். கொடுக்காததால் கழிக்க முடியாது என்பதும் அவர்களே!

420-ஐ எடுக்க வைத்தோம். எந்தப் பெயரிலும் சர்வீஸ் சார்ஜைத் தானாகப் பில்லில் ஏற்றக்கூடாது, அதைச் சேர்த்து ஜிஎஸ்டி போடவும் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையிலேயே வழிகாட்டுதல் போட்டுவிட்டது. டெல்லி உயர் நீதிமன்றம் 2025 மார்ச் 28-ல் அதை உறுதியும் செய்தது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் போடுகிறோம் என்றதும் புது பில் வந்தது: 4,200, ஜிஎஸ்டி 210, ஆக 4,410. இதற்கே 25 நிமிஷம். 3,000-க்கு மட்டும் "அது ஆப் காரங்க கிட்டதான் இருக்கு சார், எங்க கைக்கு வரல" என்றார்கள்.

செயலியின் சாட்டில் கேட்டால், "மேசை ஒதுக்கீடு உணவகத்தின் முடிவுக்கு உட்பட்டது." ஞாயிறு காலை மறுபடி கேட்டால், "உங்கள் கோரிக்கை முடித்து வைக்கப்பட்டது, அனுபவத்தை மதிப்பிடுங்கள்" என்று ஐந்து நட்சத்திரம் நீட்டுகிறது. உணவகத்துக்குப் போன் போட்டால் "ஓனர் ஊர்ல இல்ல", அடுத்த நாள் "மேனேஜர் லீவு", அதற்கடுத்த நாள் எடுக்கவே இல்லை. 'தைரியமா வாங்க' என்று சொன்ன அதே நம்பர்.

ஞாயிற்றுக்கிழமையே செயலியின் குறைதீர் அதிகாரிக்கு மின்னஞ்சல் போயாயிற்று. 2020-ன் மின்வணிக விதிகள்படி அவர் 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்தது என்று பதில் தரணும், ஒரு மாதத்துக்குள் தீர்க்கணும். 48 மணி செவ்வாயோடு முடிந்தது, பதில் இல்லை. ஒன்றைக் காட்டிக் காசு வாங்கி வேறொன்றைத் தலையில் கட்டுவது, அதே மத்திய ஆணையம் 2023 நவம்பர் 30-ல் அறிவித்த 13 வகை இணைய வணிக ஏமாற்றுகளில் ஒன்று என்பதையும் அந்த மின்னஞ்சலில் எழுதியிருக்கிறோம். அடுத்தது மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த தொகை 5 லட்சம் வரை புகாருக்குக் கட்டணம் கிடையாது, இரண்டு வருஷம் வரை அவகாசம் இருக்கிறது, இணையத்திலேயே தாக்கல் செய்யலாம். 3,000 ரூபாய்க்கு யார் போவார்கள் என்ற நினைப்பில்தான் இவர்கள் பிழைக்கிறார்கள். போகிறோம்.

விவரமாக எழுதுகிறேன் என்றேன், இதை அடிக்கும்போதே கை நடுங்குகிறது, முக்கியமானது மட்டும். மேசைக்கென்று தனிப் பணம் கேட்டால் யுபிஐயில் கட்டாதீர்கள், கிரெடிட் கார்டில் கட்டுங்கள், சேவை தரவில்லை என்று வங்கியில் சார்ஜ்பேக் (கட்டிய பணத்தை வங்கி வழியாகவே திரும்பப் பெறுவது) கேட்கலாம். போனில் சொல்வதை நம்பாதீர்கள், மேசை எண்ணை வாட்ஸ்அப்பில் எழுதி வாங்குங்கள். 'இருப்பைப் பொறுத்து' என்ற வரி எங்காவது பொடி எழுத்தில் இருக்கிறதா என்று பணம் கட்டும் முன் பார்த்து ஸ்கிரீன்ஷாட் எடுங்கள், எங்களுக்கு அது கட்டிய பிறகுதான் கண்ணில் பட்டது. சொன்ன மேசை இல்லையென்றால் உட்காரவே உட்காராதீர்கள், தண்ணீர் கூடக் குடிக்காதீர்கள், வாசலிலேயே நின்று பணத்தைக் கேளுங்கள். உட்கார்ந்துவிட்டால் 'நீங்களே ஒத்துக்கிட்டீங்க' என்பார்கள். சாதாரண ஓட்டலிலும் "நான்-ஏசி ஃபுல் சார், உள்ள வாங்க" என்று ஏசி ஹாலுக்குத் தள்ளினால் முதலில் அங்கத்து மெனு கார்டை வாங்கி விலையைப் பாருங்கள். ஜிஎஸ்டி இரண்டு ஹாலுக்கும் ஒரே 5 சதவீதம்தான், ஏசிக்கு வரி கூட என்று சொன்னால் பொய்.

3,000 வந்தால் இங்கேயே எழுதுகிறேன்.