தெரமின்: விலை இறங்கினாலும் சுருதி நிற்பதில்லை

தெரமின் என்பது தொடாமலே, காற்றில் கையசைத்து வாசிக்கும் மின்னணு இசைக்கருவி. விலை இறங்கியிருக்கிறதே, வாங்கலாமா என்று கேட்பவர்கள் முதலில் சுருதி நகர்வதைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டும்.

உள்ளே இரண்டு ஆஸிலேட்டர்கள், அதாவது மின் அலைவுகளை உண்டாக்கும் சுற்றுகள். ஒன்றின் அதிர்வெண் நிலையானது, மற்றதன் அதிர்வெண் வலக்கை அண்டெனாவை நெருங்க நெருங்க மாறுவது. இரண்டுக்குமான வித்தியாசமே காதில் விழும் சுரம். மரப்பெட்டியில் வரும் டிரான்சிஸ்டர் வகையில் இவை 285 கிலோஹெர்ட்ஸ் அளவில் ஓடும். ஒன்று மட்டும் பத்தாயிரத்தில் ஒரு பங்கு விலகினாலே 28 ஹெர்ட்ஸ் போச்சு. 220 ஹெர்ட்ஸில் பிடித்த ஷட்ஜம் சதுஸ்ருதி ரிஷபத்தில் போய் உட்காரும். சூடேறும்போது இரண்டும் சேர்ந்தே விலகினால் கவலையில்லை. சேர்ந்து விலகுவதில்லை, அதுதான் எரிச்சல்.

வாசிப்பதற்கு 20 நிமிடம் முன்பே ஆன் செய்துவிடுங்கள். பிறகு வாசிக்கும் இடத்திலேயே நின்று, வலக்கையைத் தோளோடு மடக்கிக்கொண்டு, ஒலி உறுமலாகித் தேய்ந்து அடங்கும் வரை பிட்ச் குமிழைத் திருப்புங்கள். ஓர் அடி பின்னால் நகர்ந்தாலும் கணக்கு மாறும். உடம்பும் மின்சுற்றில் சேர்த்திதான். இரும்பு பீரோ பக்கத்தில் வேண்டாம்.

சுருதி துள்ளினால் ரிப்பேருக்குக் கொடுக்கும் முன் எர்த்தைப் பாருங்கள். அடாப்டருக்கு இரண்டு பின்தான் என்றால், எர்த் ஆம்ப்ளிஃபயர் கேபிள் வழியாகத்தான் வரவேண்டும். ஆம்ப் மூன்று பின் பிளக்கில், எர்த் உள்ள சாக்கெட்டில் இருக்கட்டும். பேட்டரி ஸ்பீக்கரில் வாசித்துவிட்டுக் கருவியைக் குறை சொல்வது நியாயமில்லை. அடுத்து அண்டெனா நட்டு, தளர்ந்திருந்தால் கரகரக்கும்.

மேல் ஸ்தாயியில் சுரங்கள் நெருக்கியடிக்கும், அரைச்சுரத்துக்கு விரல் அசைவே போதும். தெரமின் மேதை கிளாரா ராக்மோர் முழங்கையை வீசாமல் விரல்களை மடக்கி விரித்து வாசித்தது இதற்காகத்தான். அந்த முறை கைவந்தபின் கிடைக்கிற ஜாரு, ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிச் செல்வது, இருக்கிறதே! தந்தியில்லை, வீணையில் இருப்பதுபோல் மெட்டுகளில்லை, தடங்கலே இல்லை. இடக்கையை, ஒலி அளவைக் கட்டுப்படுத்தும் வளைய அண்டெனாவின் மேலிருந்து மெல்ல உயர்த்தினால் சுரம் மௌனத்திலிருந்தே பிறக்கிறது. வயலின் வில்லுக்குக்கூட ஒரு தொடக்க உரசல் உண்டு, இதற்கு அதுவும் கிடையாது.

இருந்தும், பாதி விலைக்கே வந்தாலும் வாங்குங்கள் என்று இன்றைக்கு எழுத மனம் வரவில்லை. இந்த வெயிலில் ஒரு மணி நேரத்துக்குள் மூன்றாவது முறையாகக் குமிழைத் திருப்பியாகிவிட்டது.