எக்ஸ்எம்எல் கணுக்களை நகலெடுக்க எல்எக்ஸ்எம்எல்: என் மதிப்பீடு

ஒரு எக்ஸ்எம்எல் கோப்பிலிருந்து சில கணுக்களை (டேக்கும் அதன் உள்ளடக்கமும்) எடுத்து இன்னொன்றில் சேர்க்கவேண்டும் என்றால் பைத்தானில் என் தேர்வு எல்எக்ஸ்எம்எல் (lxml) என்ற நூலகம்தான். லிப்எக்ஸ்எம்எல்2 என்ற சி மொழி நூலகத்தின் மேல் கட்டியது, வேகத்தில் குறை சொல்ல முடியாது, கணுக்களைத் தேடிப் பிடிக்கும் எக்ஸ்பாத் மொழியின் 1.0 பதிப்பும் முழுசாகக் கிடைக்கிறது.

ஆனால் புதிதாக வருபவர்களைக் குழப்பும் குணம் ஒன்று உண்டு: கணுவைச் சேர்க்கும் அப்பெண்ட் (append) என்றால் இங்கே நகல் இல்லை, நகர்த்தல். புதிய மரத்தில் கணு வந்து உட்காரும்போதே பழைய மரத்திலிருந்து சத்தமில்லாமல் காணாமல் போய்விடும். மூலம் அப்படியே இருக்கவேண்டுமானால் முதலில் பைத்தானின் காப்பி (copy) மாட்யூலில் உள்ள டீப்காப்பியால் (deepcopy) முழு நகல், அப்புறம் அப்பெண்ட். அப்படி எடுத்த நகலோடு டெய்ல், அதாவது மூடும் டேக்குக்கு அடுத்து நிற்கும் எழுத்தும் காலி இடமும், கூடவே ஒட்டிக்கொண்டு வரும். வேண்டாமென்றால் டெய்லுக்கு நன் (None) கொடுத்துவிடுங்கள்.

பைத்தானோடு வரும் எலிமென்ட்ட்ரீ இதற்கு நேர்மாறு, ஒரே கணு இரண்டு மரத்திலும் தொங்கும், ஒன்றில் திருத்தினால் மற்றதிலும் மாறும். நேம்ஸ்பேஸ் முன்னொட்டை (டேக் பெயர்கள் மோதாமலிருக்க முன்னால் சேர்க்கும் சிறு பெயர்) முன்கூட்டியே பதிவு செய்யாவிட்டால் எழுதும்போது என்எஸ்0 என்று ஆக்கிவிடுவது அதைவிட எரிச்சல். பைத்தானோடு வரும் இன்னொரு நூலகமான மினிடாமில் நகலெடுக்கவே இம்போர்ட்நோட் (importNode) இருக்கிறது, இரண்டாவது மதிப்பு ட்ரூ என்றால் பிள்ளைக் கணுக்களும் வரும், ஆனால் எழுதவேண்டிய வரிகள் அதிகம்.

வெளி நூலகம் நிறுவ அனுமதி இல்லாத இடத்தில் மட்டும் எலிமென்ட்ட்ரீ, மற்றபடி எல்எக்ஸ்எம்எல்தான்.