ஒரு ஞாயிறு, ஐந்து அமர்வுகள்: பில் எவன்ஸ் மூவர் குழுவின் வில்லேஜ் வேன்கார்ட் முழுத் தொகுப்பு

1961 ஜூன் 25 அன்று, நியூயார்க் நகரின் வில்லேஜ் வேன்கார்ட் என்னும் நிலவறை அரங்கில், ஜாஸ் பியானோ கலைஞர் பில் எவன்ஸ், பேஸ் (தாழ்ந்த சுரங்களை ஒலிக்கும் பெரிய தந்தி வாத்தியம்) கலைஞர் ஸ்காட் லஃபாரோ, டிரம்ஸ் கலைஞர் பால் மோஷன் ஆகிய மூவரும் பிற்பகலில் இரண்டும் மாலைக்குப் பிறகு மூன்றுமாக ஐந்து அமர்வுகள் வாசித்தனர். பதினொரு நாள்கள் கழித்து லஃபாரோ தமது 25ஆம் வயதில் கார் விபத்தில் இறந்தார். அந்த மரணத்துக்குப் பிறகே ரிவர்சைட் நிறுவனம் அன்றைய ஒலிப்பதிவிலிருந்து இரண்டு இசைத்தட்டுகளை வெளியிட்டது. முதல் தட்டு லஃபாரோவுக்கு அஞ்சலியாகவே தொகுக்கப்பட்டது. அவர் இயற்றிய 'குளோரியாஸ் ஸ்டெப்' அதன் தொடக்கத்திலும் 'ஜேட் விஷன்ஸ்' முடிவிலும் இடம்பெற்றன.

2005இல் மூன்று குறுந்தகடுகளாக வந்த முழுத் தொகுப்பு, அன்று வாசிக்கப்பட்டவற்றை வாசித்த வரிசையிலேயே தருகிறது. இந்த வரிசை மாற்றம்தான் தொகுப்பை வாங்குவதற்கான முதன்மையான காரணம் என்பேன். இரு பழைய தட்டுகளிலும் நாம் கேட்டுப் பழகிய துயரம் பெருமளவு தொகுத்தவரின் கைவண்ணம் என்பது இங்கே தெரியவருகிறது. வரிசையாகக் கேட்கும்போது, இளைஞர்கள் மூவர் மகிழ்ச்சியோடும் போட்டியோடும் வேலை செய்த ஒரு நாளாகவே அது ஒலிக்கிறது. முதல் உருப்படியின் நடுவே மின்சாரம் தடைப்பட்டு ஒலிநாடாவில் ஏற்பட்ட இடைவெளியும் மறைக்கப்படவில்லை. கோப்பைகளின் ஓசையும், இசையைக் கவனிக்காமல் பேசிக்கொண்டிருப்போரின் சிரிப்பும் தொடர்ந்து கேட்கின்றன. (அவர்கள் எதைத் தவறவிடுகிறார்கள் என்று சில இடங்களில் எரிச்சல்கூட வருகிறது.)

இக்குழுவின் புதுமை எவன்ஸின் இடக்கையில் தொடங்குகிறது. சுரக்கூட்டின் (ஒரே நேரத்தில் ஒலிக்கும் சில சுரங்களின் சேர்க்கை) அடிச்சுரத்தை அவர் பல இடங்களில் வாசிக்காமல் விட்டுவிடுகிறார். அதைத் தாங்கும் பொறுப்பு பேஸுக்குப் போகிறது. லஃபாரோவோ ஒவ்வொரு எண்ணிக்கைக்கும் ஒரு சுரம் என்று நடந்துகொண்டிருக்காமல், பியானோ விட்ட இடைவெளிகளில் தம் சொந்த மெட்டுகளை நுழைக்கிறார். இருவரும் தாளத்தை வெளிப்படையாகச் சொல்லாத நேரங்களிலும் அது நழுவாமல் இருப்பதற்கு குச்சிக்குப் பதில் மெல்லிய கம்பித் தூரிகையால் டிரம்ஸை வருடும் மோஷனின் பிரஷ் வாசிப்பு பெரிய துணை. 'ஆல் ஆஃப் யூ' மூன்று முறை இடம்பெறுகிறது. மூன்றையும் அடுத்தடுத்துக் கேட்டால், ஒரே பாடலுக்குள் பொறுப்புகள் எப்படிக் கைமாறுகின்றன என்பதை எந்த விளக்கவுரையும் இல்லாமல் அறிந்துகொள்ளலாம்.

'வால்ட்ஸ் ஃபார் டெபி' 1956இல் பதிவான எவன்ஸின் முதல் இசைத்தட்டில் தனிப் பியானோவுக்கான சிறு உருப்படியாக வந்தது. இங்கே அது மூன்று எண்ணிக்கைத் தாளத்தில் தொடங்கி, நான்கு எண்ணிக்கைக்கு மாறி விரிகிறது. 'சம் அதர் டைம்' உருப்படியின் தொடக்கத்தில் மாறிமாறி வரும் இரண்டு சுரக்கூட்டுகள், 1958இல் அவர் தனியாகப் பதிவுசெய்த 'பீஸ் பீஸ்' என்பதற்கும் அடித்தளமாக இருந்தவை. டிரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் 'மைல்ஸ்டோன்ஸ்' வேறொரு கடனைக் காட்டுகிறது: எவன்ஸ் 1958இல் அவரது குழுவில் வாசித்து, 1959இல் 'கைண்ட் ஆஃப் புளூ' பதிவுக்காக அவரிடம் திரும்பியவர். ஆனாலும் எனக்கு அந்த நாளின் உச்சம் 'மை ஃபூலிஷ் ஹார்ட்' தான். அதில் எவன்ஸ் மெட்டை விட்டு அதிகம் விலகுவதே இல்லை. அத்தனை மெதுவான நடையில் ஒவ்வொரு சுரமும் தேயும்வரை காத்திருக்கிறார்.

குறை சொல்வதானால், இது முதன்முறை கேட்பவருக்கான பொருள் அன்று. ஒரே பாடல் மீண்டும் மீண்டும் வருவது அவரைச் சலிப்படையச் செய்யும். அவர் 'வால்ட்ஸ் ஃபார் டெபி' என்ற பெயரிலேயே வந்த தனி இசைத்தட்டை முதலில் வாங்கலாம். ஆறே உருப்படிகள், ஒன்றும் வீண் இல்லை. அது பிடித்துப்போனவர், இதே மூவர் 1961 பிப்ரவரியில் ஒலிப்பதிவுக்கூடத்தில் வாசித்த 'எக்ஸ்ப்ளோரேஷன்ஸ்' தட்டைக் கேட்டுவிட்டு இத்தொகுப்புக்கு வருவது நல்லது. லஃபாரோவின் இடத்துக்கு சக் இஸ்ரேல்ஸ் வந்த பிறகு 1962இல் பதிவான 'மூன் பீம்ஸ்' இதற்கு அடுத்துக் கேட்க வேண்டியது. அதில் பேஸ் சற்றே பின்வாங்கி நிற்பதால், பியானோ கூடுதல் சுமையை ஏற்பது தெளிவாகக் கேட்கும்.